கல்லாவுக்கு மேலே தொங்கிய பலகை

(கும்பகோணத்தில் சிறு வணிகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில், தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வியாபாரம் சூடு பிடிக்கிற ஆறரை மணிக்குக் கல்லாவை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தின் விலை எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா மெஸ் நடத்தினார். ஒரே ஹால், பன்னிரண்டு பெஞ்ச், வாழை இலைச் சாப்பாடு. கல்லாவுக்கு மேலே சாமி படம், அதற்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை. அதில் எழுதியிருந்ததை உங்களில் பாதிப் பேர் மனப்பாடமாகவே சொல்வீர்கள். நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஓட்டலாவது இந்தப் பலகையை மாட்டியிருந்த காலம் அது.

இப்போது அந்தப் பலகையை யாரோ தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டார்கள். திருப்தியாகச் சாப்பிட்டவர் நம்மிடம் மட்டும் “நல்லா இருந்துச்சு அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனம் கசந்தவர் நம்மிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பில்லைக் கொடுக்கிறார், சில்லறையை வாங்குகிறார், சிரிக்கவும் செய்கிறார். பஸ் தாராசுரம் தாண்டுவதற்குள் போனை எடுத்து ஒரு ஸ்டார் போட்டுவிடுகிறார். நம்மிடம் சொல்ல வேண்டிய குறை ஊருக்குப் போய்விட்டது. ஊரிடம் சொல்ல வேண்டிய நிறை கல்லாவிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்தப் பலகையைப் பற்றித்தான். ரிவ்யூவைச் சமாளிப்பது எப்படி என்பது தலைப்பு. அந்தப் பலகையை நேராக மாட்டுவது எப்படி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கேள்வி. இந்த ரிவ்யூ யாருக்குத் தேவை? நம் ஊர்க்காரருக்குத் தேவையில்லை. எந்தக் கடையில் பித்தளைக் குடம் கனமாக இருக்கும், எந்தக் கடையில் காபிக்குச் சிக்கரி தூக்கலாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரிவ்யூ தேவைப்படுகிறவர், விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, கையில் பெட்டியும் தூக்கக் கலக்கமுமாக, நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி பேச வேண்டும், அதற்கு முன்னால் குளிக்க ஓர் அறை வேண்டும் என்று நிற்கிறாரே, அவர். அவருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. போனில் தெரிகிற ஸ்டார்தான் அவருக்குச் சித்தப்பா, மாமா எல்லாம்.

இந்த வெளியூர்க்காரரை நம் தொழில் எப்படி நடத்தியது என்பதையும் மனசாட்சியோடு ஒப்புக்கொள்வோம். “ஒரு தடவை வர்ற கிராக்கிதானே” என்ற பேச்சைச் சின்ன வயதில் எத்தனை கடை வாசலில் கேட்டிருக்கிறேன்! திரும்பி வராதவருக்குத் தண்ணிச் சாம்பார் ஊற்றினால் என்ன நஷ்டம் என்ற கணக்கு அது. அன்றைக்கு அது சரியான கணக்காகவும் இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. அவர் திரும்பி வரமாட்டார்தான், ஆனால் அடுத்து வருகிறவரிடம் பேசிவிட்டுப் போகிறார். திரும்பி வராத ஆயிரம் பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கோர்த்துக்கொண்டு, தினமும் வருகிற ஒரே வாடிக்கையாளரைப் போல ஆகிவிட்டார்கள். 2016 மகாமகத்தின்போது இது நமக்குப் பாதிதான் உறைத்தது. 2028-ல் அடுத்த மகாமகம் வருகிறது. அப்போது வருகிறவர்கள் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே நம் வாசலைப் போனில் பார்த்து முடித்திருப்பார்கள்.

“இந்த ஸ்டாரெல்லாம் சும்மா, ருசி இருந்தா ஜனம் தானா வரும்” என்று சொல்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவை இரண்டு ஆராய்ச்சிகள்.

அமெரிக்காவில் யெல்ப் என்று ஒரு ரிவ்யூ தளம், 2004-ல் தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் யெல்ப் ஸ்டார்களையும், அவை அரசுக்குக் காட்டிய விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2011-ல் வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்த செய்தி. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி உணவகங்களுக்கு இந்த ஸ்டாரால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் தனிக்கடைகளுக்குத்தான். யோசித்தால் புரியும். பெரிய கம்பெனிக்கு அதன் போர்டே சாட்சி. உள்ளே என்ன கிடைக்கும், எப்படி இருக்கும் என்று பார்த்தவுடன் தெரியும். நம் போர்டு வெளியூர்க்காரருக்கு எதையும் சொல்வதில்லை. ரிவ்யூதான் நம் போர்டைப் பேச வைக்கிறது. யெல்ப் பரவப் பரவ, சந்தையில் அந்தப் பெரிய கம்பெனிகளின் பங்கு குறைந்தது என்றும் அவர் கண்டார். ஆக, இது நம்மை மிரட்ட வந்த பூதம் மட்டும் இல்லை, பெரியவனுக்குப் பக்கத்தில் நம்மையும் உட்கார வைக்கிற பலகையும்கூட.

இரண்டாவது ஆராய்ச்சி சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. பெர்க்லியில் இருந்த ஆண்டர்சன், மக்ரூடர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது, 2012-ல் வந்தது. யெல்ப் தளம் அப்போது சராசரியை அரை ஸ்டாருக்கு முழுமையாக்கிக் காட்டியது. 3.24 வாங்கிய கடைக்கு 3 என்று தெரிந்தது. 3.26 வாங்கிய கடைக்கு 3.5 என்று தெரிந்தது. இரண்டு கடைக்கும் ருசியில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஒன்றுமில்லை. ஆனால் அரை ஸ்டார் கூடுதலாகத் தெரிந்த கடையில் மாலை நேர மேசைகள் முழுக்க நிரம்பிப்போவது 19 சதவீதப் புள்ளிகள் அதிகம். வேறு இடத்தில் விசாரித்தறிய வழி குறைவான கடைகளுக்கு இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். ருசி இருந்தால் ஜனம் வரும் என்பது உண்மைதான். ருசி இருக்கிறது என்று ஜனத்துக்குத் தெரிய வேண்டுமே!

இப்போது நம் கூகுள் மேப்புக்கு வருவோம். நம் ஊரில் முக்கால்வாசிக் கடைகளுக்கு விஷயம் அங்கேதான் நடக்கிறது. கல்லாக் கணக்கு போடுகிறவர்கள் நாம், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கடைக்கு 20 ரிவ்யூ, சராசரி 4.5. ஒருவர் ஒரு ஸ்டார் போடுகிறார். சராசரி 4.3-க்கு இறங்கிவிடும். அதே கடைக்கு 200 ரிவ்யூ இருந்து, ஒரு ஸ்டார் ஒன்று விழுந்தால்? அசைவே தெரியாது, 4.5-லேயே நிற்கும். இன்னொரு கணக்கு. 4.5-ல் இருக்கும் கடை, விழுந்த ஒரு ஸ்டாரை ஈடுகட்டி மறுபடி 4.5-க்கு வர எத்தனை ஐந்து ஸ்டார் வேண்டும்? ஏழு. ஒருவரை வருத்தப்பட வைத்தால் ஏழு பேரை மனம் குளிர வைக்க வேண்டும், அந்த ஏழு பேரும் மறக்காமல் போனையும் எடுக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் எடுப்பதில்லை. இணையத்தில் ரிவ்யூக்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஐந்து ஸ்டாரில் ஒரு பெரிய மேடு, ஒரு ஸ்டாரில் ஒரு சின்ன மேடு, நடுவில் பள்ளம். ஆங்கிலத்தின் ஜே எழுத்தைப் போல இருப்பதால் அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். பிரமாதம் என்று துள்ளியவரும், பாவிகள் என்று கொதித்தவரும் எழுதுகிறார்கள். “பரவாயில்ல, நல்லாத்தான் இருந்துச்சு” என்று போகிறவர் எழுதுவதில்லை. நம் வாடிக்கையாளரில் பெரும்பாலானவர் அந்தப் பள்ளத்தில் இருப்பவர். அவர் கெட்டவர் இல்லை, யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். “ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க” என்று வீட்டுக்கு வந்தவரை வற்புறுத்தத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கவா தெரியாது? பணம் வாங்கும் இடத்தில் ஏற்கெனவே க்யூஆர் அட்டை ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதன் பக்கத்திலேயே ரிவ்யூ பக்கத்துக்கான க்யூஆர் ஒன்றை வையுங்கள். கூகுள் அதை இலவசமாகவே தருகிறது. கேட்கும்போது “அஞ்சு ஸ்டார் போடுங்க” என்று கேட்காதீர்கள். “எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்” என்று கேளுங்கள். இரண்டாவது மாதிரி கேட்டால் வெறும் ஸ்டார் வராது, வார்த்தை வரும். “மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு, அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்” என்று ஒருவர் எழுதினால், வயதான தாயாரை அழைத்து வருகிற அடுத்த மகனுக்கு அது நூறு ஸ்டாருக்குச் சமம்.

ரிவ்யூ எழுதினால் காபி இலவசம், பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று சில இடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கூகுள் விதிப்படி அது கூடாது. விதி இருக்கட்டும், காபி வாங்கிக்கொண்டு எழுதியதன் வாசனை படிக்கிறவர் மூக்குக்கு எட்டிவிடும்.

இங்கே ஒரு குறுக்கு வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நானே விழப் பார்த்தேன். ஒருவர் மென்பொருள் விற்க வந்தார். வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போகும், எத்தனை ஸ்டார் என்று கேட்கும். நாலு, ஐந்து என்று அழுத்தினால் நேராகக் கூகுள் பக்கம் திறக்கும். ஒன்று, இரண்டு என்று அழுத்தினால் “உங்கள் குறையை எங்களிடம் சொல்லுங்கள்” என்று தனியாக ஒரு படிவம் திறக்கும். அது நமக்கு மட்டும் வரும், வெளியே தெரியாது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பாவின் பலகை அப்படியே கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறதே என்று நினைத்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் விதியைப் படித்தேன். நல்லதை மட்டும் பொறுக்கிக் கேட்பதும், கெட்டதை எழுதவிடாமல் திருப்புவதும் கூடாது என்று கூகுள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்பாவின் பலகை சரி, இந்த மென்பொருள் தப்பு என்றால் வித்தியாசம் எங்கே? அப்பாவின் பலகை வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. அவர் வெளியே போய் எதை வேண்டுமானாலும் பேசலாம், யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை. குறையை எங்களிடம் சொல்லுங்கள் என்றால், அதைக் கேட்டுச் சரி செய்ய நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பொருள். மென்பொருள் செய்வது வேறு. குறை சொல்ல வந்தவருக்கு வாசலைக் காட்டுவது போலக் காட்டி, கொல்லைப்புறமாக வெளியே அனுப்புகிறது. அந்த ஆளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்தது போலி ரிவ்யூ. இந்த அறையில் யாரும் செய்ததில்லை என்றே வைத்துக்கொள்வோம். (சிரிப்பு) துபாயில் இருக்கும் மைத்துனர் கும்பகோணம் கடைக்கு வந்து சாப்பிட்டதாக எழுதியது, பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரே ராத்திரியில் “சூப்பர் சர்வீஸ்” என்று எழுதியது, இதெல்லாம் வேறு ஊரில் நடந்தவை.

2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். டல்விச் என்ற பகுதியில், தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் குடியிருந்தார். அந்தக் கொட்டகையையே உணவகம் என்று டிரிப் அட்வைசர் தளத்தில் பதிவு செய்தார். முன்பதிவு செய்தால்தான் இடம் என்று அறிவித்தார், யார் அழைத்தாலும் இடமில்லை என்றார். ஷேவிங் கிரீமையும் தன் குதிகாலையும் வைத்துப் பலகாரம் போலப் படம் எடுத்துப் போட்டார். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுத வைத்தார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை லண்டன் மாநகரின் முதலாவது உணவகமாக வந்து நின்றது. அங்கே அதுவரை ஒருவர்கூட ஒரு கவளம் சாப்பிட்டதில்லை!

எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பார்த்தீர்களா, ரிவ்யூ எல்லாம் ஏமாற்று என்பார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அந்தக் கொட்டகை முதலிடத்தில் இருக்க முடிந்ததே யாரும் வந்து சாப்பிடாததால்தான். நம் கடைக்கு ஆள் வருகிறார்களே, நாம் என்ன செய்வது? காசு கொடுத்து 4.9 வாங்கி வைத்தால், 4.9-ஐ எதிர்பார்த்து வருகிறவருக்கு நாம் 3.8-ஐப் பரிமாறுவோம். 3.8-ஐ எதிர்பார்த்து வந்திருந்தால் அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஏமாந்து வந்தவர் ஒரு ஸ்டார் போடாமல் போகமாட்டார். ஸ்டார் என்பது நாம் கொடுக்கும் வாக்கு. கையில் சரக்கு இல்லாமல் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போலியை யார் செய்கிறார்கள் என்பதையும் லூகா, ஜார்ஜியோஸ் செர்வாஸ் என்ற இன்னொருவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். பாஸ்டன் நகர உணவகங்களுக்கு வந்த ரிவ்யூக்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்று யெல்ப் தளமே ஒதுக்கி வைத்திருந்தது. பெயர் கெட்டுப்போன கடை, ரிவ்யூ குறைவாக இருக்கும் கடை, அண்மையில் அடி வாங்கிய கடை, இவைதான் தங்களுக்குத் தாங்களே புகழ் பாடிக்கொள்ளும் கடைகள். பக்கத்தில் போட்டிக்கடை வந்தால் அடுத்தவரைத் தாழ்த்தும் போலிகள் வருகின்றன. ஓட்டல் தொழிலில் இன்னொரு ஆராய்ச்சி, 2014-ல் வந்தது. எக்ஸ்பீடியா தளத்தில் அறை எடுத்தவர் மட்டுமே எழுதலாம், டிரிப் அட்வைசரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே ஓட்டலை இரண்டு தளத்திலும் ஒப்பிட்டால், பக்கத்திலேயே போட்டி ஓட்டல் இருக்கும் இடங்களில், யார் வேண்டுமானாலும் எழுதும் தளத்தில் வசவு அதிகமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியில் வந்து கல்லெறிகிற கதைதான்.

நம் நாட்டில் இது இன்னும் கேவலமான வடிவம் எடுத்தது. “வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை” என்று வாட்ஸ்அப்பில் வரும். ஏதாவது ஓர் ஓட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் ஐம்பது, நூறு ரூபாய் தருவார்கள். நம்பிக்கை வந்தபின் டெலிகிராமுக்கு இழுத்து, பணம் கட்டச் சொல்லி, லட்சக்கணக்கில் பறித்துக்கொண்டு மறைந்துவிடுவார்கள். உங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்ப் பெயர்களிலிருந்து திடீரென்று ஐந்து ஸ்டார் குவிந்தால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ ஒரு படித்த பிள்ளை எங்கோ ஏமாந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பணம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. இணையச் சந்தையில் விற்கிறவர் தானே வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தரநிர்ணய அமைவனம், ரிவ்யூக்களைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விரும்பி ஏற்கும் தரநிலையாகத்தான் வந்தது, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிறது. அமெரிக்காவில் 2024-ல் போலி ரிவ்யூவை வாங்குவதற்கும் விற்பதற்கும் நேரடியாகவே தடை போட்டுவிட்டார்கள்.

இனி, பதில் எழுதும் கலை. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு விடுதியில் மோட்டார் எரிந்துபோனது. குழாயில் தண்ணீர் இல்லை. ஒரு குடும்பம், வயதானவர்கள் வேறு, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஒரு ஸ்டார். “தண்ணி இல்ல. கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.” அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். இரவு பதினோரு மணிக்கு நான் பதில் எழுதினேன். நான்கு பேர் என்று சொல்லி ஏழு பேர் தங்கினீர்களே, அதைப் பற்றி எழுதினீர்களா என்று தொடங்கி, பதினைந்து வரி. எழுதி முடித்ததும் தூக்கம் நன்றாக வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார். “இங்க புக் பண்ணலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சோம்ங்க.” தண்ணீர்ப் பிரச்சினையைப் படித்தீர்களா என்று கேட்டேன். “இல்லைங்க. தண்ணி எங்க வேணா நின்னு போகும். உங்க பதிலைப் படிச்சுப்போட்டுத்தான் பயந்தோம். நாளைக்கு நாங்க ஒண்ணு சொன்னா எங்களையும் இப்படித்தானே எழுதுவீங்க!”

எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. அந்தப் பதிலை நான் யாருக்கு எழுதினேன்? ஏழு பேர் வந்த குடும்பத்துக்கு. அவர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ. படித்தவர்கள், இன்னும் வராத ஆயிரம் பேர். ரிவ்யூவுக்கு எழுதும் பதில் ரிவ்யூ எழுதினவருக்கு அல்ல. அதைப் படித்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மூன்றாவது மனிதருக்கு. மாமியார் மருமகள் சண்டையில் பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் குரலில் பேசுவோம்? அந்தக் குரலில் எழுத வேண்டும்.

அன்றே பழைய பதிலை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன். “அன்று விடியற்காலை மோட்டார் எரிந்துவிட்டது. மாற்று ஏற்பாடு இல்லாதது எங்கள் தவறு. பெரியவர்களோடு கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் சிரமப்பட்டீர்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது இரண்டாவது மோட்டார் வைத்திருக்கிறோம். இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருக்கிறார்.” இதில் ஒரு சங்கதி. இரண்டாவது மோட்டாரை வாங்கிய பிறகுதான் அந்த வரியை எழுதினேன். செய்யாததை எழுதினால் அடுத்த ரிவ்யூ அதைப் பற்றித்தான் வரும்.

பதிலில் இருக்க வேண்டியவை நான்கு. என்ன நடந்தது, அதில் நம் தவறு எது, என்ன சரி செய்தோம், மேலும் பேச யாரை அழைக்கலாம். நான்கும் நான்கு வரியில் முடிய வேண்டும். கோபம் இருந்தால் ஒரு நாள் கழித்து எழுதுங்கள். ஒரே பதிலை எல்லோருக்கும் அச்சடித்தது போல ஒட்டாதீர்கள். அவர் எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தை வெளியே இழுக்காதீர்கள். இங்கே கிளினிக், மருந்துக்கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் எதற்காக உங்களிடம் வந்தார் என்பதுகூட அவருடைய ரகசியம். நல்லதாக எழுதியவருக்கும் ஒரு வரி நன்றி எழுதுங்கள், அவரும் வேலை மெனக்கெட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

பதில் எழுதுவதால் பலன் உண்டா? டெக்சாஸ் மாநில ஓட்டல்களை வைத்துப் புரோசர்பியோ, செர்வாஸ் என்ற இருவர் 2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பதில் எழுதத் தொடங்கிய ஓட்டல்களுக்கு ரிவ்யூ எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, சராசரி 0.12 ஸ்டார் ஏறியது. ஏறியதற்குக் காரணம்தான் ருசியானது. உரிமையாளர் படிக்கிறார் என்று தெரிந்தவுடன், போகிற போக்கில் வசைபாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த குறைகள் எண்ணிக்கையில் குறைந்து, நீளத்தில் கூடின. கடைக்காரர் கல்லாவில் இருக்கும்போது யாரும் சும்மா சத்தம் போடுவதில்லை. சொல்ல வேண்டியதை விளக்கமாகச் சொல்வார்கள். இணையத்திலும் அதேதான்.

நடந்தே இராததை ஒருவர் எழுதினால்? வராதவர் வந்ததாக எழுதினால், ஜாதி சொல்லித் திட்டினால், பணம் கேட்டு மிரட்டினால், படம் எடுத்து வைத்துக்கொண்டு கூகுளுக்குப் புகார் செய்யுங்கள். அதற்கு வசதி இருக்கிறது, நேரம் பிடிக்கும். “சாப்பாட்டை இலவசமாக்கு, இல்லாட்டி ஒரு ஸ்டார்” என்கிறவருக்கு ஒரு தடவை பணிந்தால் அது வாடிக்கையாகிவிடும். ஆனால் எடுத்ததற்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். “சாம்பார் பிடிக்கவில்லை” என்பது அவர் நாக்கின் அபிப்பிராயம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

இன்னொரு பழக்கம் எனக்குப் பெரிய லாபம் கொடுத்தது. மாதம் ஒரு முறை, பேரேடு பார்ப்பது போல, ரிவ்யூக்களை ஒரு நோட்டில் பிரித்து எழுதுவேன். தண்ணீர், கழிப்பறை, ஆள் பேச்சு, விலை, வண்டி நிறுத்தம். தனியாகப் படித்தால் ஒவ்வொரு ரிவ்யூவும் மனதைக் குத்தும். பிரித்து எழுதினால் குத்தாது, வழி காட்டும். ஒரு தடவை “இடம் கண்டுபிடிக்க முடியல”, “கார் நுழையாத சந்து” என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். என் விடுதி மெயின் ரோட்டில் இருக்கிறது! போனை எடுத்துக்கொண்டு நானே வெளியூர்க்காரன் போல மேப்பைப் பின்தொடர்ந்து நடந்து பார்த்தேன். அது என்னைக் கொல்லைப்புறச் சந்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தியது. புள்ளி இருபதடி தள்ளி விழுந்திருந்தது. மாற்றினேன். அந்தக் குறை அதோடு ஒழிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் கடையின் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் உரிமை உங்களிடம் இருக்கிறதா, போன் எண் சரியா, அமாவாசைக்குக் கடை அடைப்பீர்களே, அது அங்கே தெரிகிறதா? பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் போடும் ஒரு ஸ்டாரில் உங்கள் சமையலுக்குச் சம்பந்தமே இல்லை. அந்தப் பக்கத்துக்குக் கூகுள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. கட்டாவிட்டால் பக்கத்தைத் தூக்கிவிடுவோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

முடிக்கிறேன். அப்பாவின் பலகையை நம்பி எத்தனை பேர் அவரிடம் குறை சொன்னார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். “வருஷத்துக்கு ரெண்டு பேர் சொன்னா அதிகம்டா” என்றார். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அது அன்றைக்கும் அப்படித்தான். பின்னே எப்படி அவருக்கு எல்லாம் தெரிந்தது? பந்தி முடியும் நேரத்தில் அவர் கல்லாவில் இருக்கமாட்டார். கை கழுவும் இடத்துக்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருப்பார். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், அவர்கள் எழுந்துவந்த இலைகளைப் பார்ப்பார். ஒரு நாள் எட்டு இலையில் கூட்டு அப்படியே இருக்கும். உள்ளே போய் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பார். உப்பு கூடியிருக்கும். அடுத்த பந்தி உட்காருவதற்குள் அது சரியாகிவிடும். அப்படியே ஓர் இலைக்காரரைக் கை கழுவும் இடத்தில் பிடித்து, “கூட்டு உப்புதானே? மன்னிச்சுக்குங்க, ஒரு தயிர் சாப்பிட்டுப் போங்க” என்பார். அந்த மனிதர் அடுத்த நாளும் வருவார்.

அப்பா ஒரு ரிவ்யூகூடப் படித்ததில்லை. அவர் இலையைப் படித்தார். நம் காலத்தில் இலை போனுக்குள் வந்திருக்கிறது, அதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் போனில் வருவது அடுத்த பந்திக்குத்தான் உதவும். எழுந்து போகிறவரை வாசலில் நிறுத்தி “என்ன குறை?” என்று கேட்டால், இந்தப் பந்தியையே காப்பாற்றிவிடலாம். இன்று ராத்திரி கடைக்குத் திரும்பியதும் ஒருவரிடமாவது கேட்டுப் பாருங்கள்.